திறப்புக் கோவை கைமாறும் நாள்

ஓர் அதிபர் ஓய்வு பெறும் நாளிலே நம் பாடசாலைகளில் நடைபெறும் கிரியைகள் யாவரும் அறிந்தவை. வாயிலில் வாழை நாட்டப்படும். பூரண கும்பம் வைக்கப்படும். பழைய மாணவர் சங்கத்தார் பொன்னாடை போர்த்துவர். கண்ணாடிச் சட்டம் இட்ட வாழ்த்துப்பா ஒன்று வாசித்தளிக்கப்படும். (அதனைப் பாடித் தரும்படி நம்மைப் போன்ற பண்டிதர்களிடம் முதல்நாள் இரவிலேதான் வந்து கேட்பார்கள்.) எல்லாம் முடிந்து கூட்டங் கலைந்தபின், அலுவலக அறையிலே, மேசையின் இருமருங்கும் இருவர் நிற்க, ஒரு திறப்புக் கோவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும். அந்த நிகழ்ச்சிக்கு அழைப்பிதழும் இல்லை, மங்கல வாத்தியமும் இல்லை. ஆயினும் அன்று நிகழ்ந்தவற்றுள் பாடசாலையின் வருங்காலத்தைத் தொட்டது அது ஒன்றே.

அத்திறப்புக் கோவையை வாங்குகின்ற கை முன்னரே பழகிய கையா, பழகாத கையா? இக்கேள்வியைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன்.

நன்னூலார் தம் பாயிரத்திலே நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை காட்டினார். ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமை தேடி வைத்தார். ஆனால் ஆசிரியர் நாற்பது பேருக்குத் தலைவராய் இருப்பவருக்கு நன்னூலில் இலக்கணம் இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் அன்று இல்லை. ஓராசிரியரே ஒரு பள்ளியாய் இருந்த காலம் அது. வேறிடத்தில் தேடினால் திருக்குறளின் பொருட்பாலிலே ஒரு குறிப்பு அகப்படுகின்றது. ஆளைத் தெரிந்து தெளிவதற்கு ஐம்பத்தோராம் அதிகாரம். தெரிந்தவனை வினையில் ஈடுபடுத்துவதற்கு ஐம்பத்திரண்டாம் அதிகாரம். இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பது வள்ளுவர் கருத்து. நம் கல்வி நிருவாகத்திலே முதல் வேலைக்குப் பரீட்சை ஒன்று உண்டு. இரண்டாவது வேலைக்கு உரிய ஆயத்தம்தான் பெரும்பாலும் திறப்புக் கோவை கைக்கு வந்தபின் தொடங்குகின்றது.

பழைய திண்ணைப் பள்ளியிலே இக்குறை ஓரளவு தீர்க்கப்பட்டிருந்தது. சட்டாம்பிள்ளை என்றொரு பதவி இருந்ததை வயது முதிர்ந்தோர் கேள்வியாலேனும் அறிவர். மூத்த மாணாக்கன் இளையோருக்கு மணலிலே எழுத்துப் பழக்குவான். வராதவனைத் தேடிப் போவான். உபாத்தியாயர் இல்லாத வேளையில் பள்ளியை நடத்துவான். 1789 ஆம் ஆண்டிலே சென்னையில் ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையாளராக வந்த அன்றூ பெல் என்னும் பாதிரியார், இத்தகைய தமிழ்ப் பள்ளி ஒன்றிலே சிறுவர் மணலில் எழுதுவதையும் ஒருவருக்கொருவர் கற்பிப்பதையும் கண்டார். கண்டதைத் தம் விடுதியிலே கையாண்டு, 1797 இல் இலண்டனில் ஓர் அறிக்கையாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஆங்கிலேயர் அதிலே கண்ட பெருநன்மை செலவுச் சுருக்கம். நான் காணும் நன்மை வேறு: பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பள்ளி நடத்துவதன் பாரத்தைத் தோளிலே தாங்கிப் பார்த்தான் என்பது.

நாவலர் பெருமான் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபோது, ஆசிரியர்களை வெளியே தேடவில்லை. அதற்கு முன்னரே மாணாக்கர் சிலரைத் தம்மிடம் வைத்துக் கற்பித்து, அப்பணிக்கென ஆக்கிக்கொண்டார். 1864 இல் சிதம்பரத்திலும் ஒன்று தாபித்தார். கடலின் இருகரையிலும் பள்ளி நடத்துகின்ற ஒருவர் எல்லா நாளும் எல்லா இடத்திலும் இருத்தல் இயலாது. தாம் இல்லாத நாட்களில் நடத்தத்தக்கவரை ஆக்கியே தீரவேண்டும். விபுலாநந்த அடிகளின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் 1929 இல் எழுந்தது. 1931 இல் அடிகளார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராகப் போய்விட்டார். தொடங்கியவர் இரண்டே ஆண்டிற் பிரிந்தும் அப்பள்ளி நிலைகுலையவில்லை. மகான்களைப் பற்றி எழுதும்போது நாம் அவர்களின் பேச்சையும் எழுத்தையும் பாராட்டுகின்றோம். தமக்குப்பின் யார் என்பதை அவர்கள் முன்கூட்டியே எண்ணியமையை ஏனோ பாராட்டுவதில்லை.

உதவி நன்கொடை பெறும் பாடசாலைகள் இருந்த காலத்திலே, முகாமையாளர் என்பவரிடம் இந்த அதிகாரம் இருந்தது. கிறித்தவ மிஷன்களுக்கும், 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்துக்கும் தத்தம் ஆளுகையிலே பல பாடசாலைகள் இருந்தன. முகாமையாளர் கெட்டிக்காரராயின் இளம் ஆசிரியர் ஒருவரைக் கண்டு வைத்திருப்பார். ஒரு சிறு கிராமப் பள்ளிக்கு அனுப்பிப் பார்ப்பார். நன்கு நடத்தினால் பெரிய பள்ளிக்கு மாற்றுவார். அம்முறையிலே நல்ல தலைமையாசிரியர்கள் பலர் உருவாயினர். அதனை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் உண்மைக்கு மாறானவனாவேன். முகாமையாளரின் மருமகனும் அம்முறையிலேதான் தலைமையாசிரியரானார். மதமும் சாதியும் குடும்பமும் பார்க்கப்பட்டன. தகுதி மிக்க ஒருவர் ஆயுள் முழுதும் உதவியாசிரியராகவே இருந்து ஓய்வு பெற்றதும் உண்டு.

1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடைப் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசாங்கத்தின் கீழ்க் கொண்டுவந்தன. முகாமையாளர் மறைந்தார். அவரோடு அவருடைய பட்சபாதமும் போயிற்று. கண்டு வைத்து, அனுப்பிப் பார்த்து, வளர்த்தெடுக்கும் வழக்கமும் போயிற்று. போன இரண்டினுள் முன்னையதற்குப் பதிலாகப் பரீட்சை வந்தது. பின்னையதற்குப் பதிலாக வந்தது போதியதாய் இல்லை.

இன்றைய அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலங்கை அதிபர் சேவை என்பது மூன்று தரங்களை உடையது. அதன் அடித்தரத்திலே புகுவதற்குப் போட்டிப் பரீட்சையும் நேர்முகப் பரீட்சையும் உள. 1985 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய கல்வி நிறுவகமும், மீப்பேயிலே அதன் தலைமைத்துவ நிலையமும் பயிற்சிகள் நடத்துகின்றன. மாகாண சபைகள் 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தோன்றியபின், தேசிய பாடசாலைகள் ஒழிந்த ஏனையவை மாகாணத்தின் கீழ் வந்தன. மாகாணத்தின் கீழ் வலயமும், வலயத்தின் கீழ்க் கோட்டமும் உள்ளன. யாழ்ப்பாண மாவட்டத்திலே யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என வலயங்கள் ஐந்து. பரீட்சை நடந்து பெறுபேறு வந்து நியமனம் கைக்குக் கிடைப்பதற்குள் ஆண்டுகள் கழிவதும் உண்டு. அதுவரை வெற்றிடமான பாடசாலையை யார் நடத்துவது? சேவையைச் சேராத ஆசிரியர் ஒருவர் கடமை நிறைவேற்று அதிபராகவோ பதில் அதிபராகவோ அமர்த்தப்படுகின்றார். காலையிலே பத்தாந் தரத்துக்கு யாப்பிலக்கணம் படிப்பித்தவர் மாலையிலே கணக்குப் புத்தகத்திற் கையொப்பமிடுகின்றார்.

நானும் அவ்வாறு கையொப்பமிட்டவன்.

ஒன்பது மாதம் ஒரு பாடசாலையிலே பதில் அதிபராய் இருந்தேன். பாடசாலையின் பெயர் வேண்டா. எனக்கு முன்னிருந்தவர் மிக நல்லவர். எல்லாவற்றையும் தலைக்குள்ளே வைத்திருந்தவர். அவர் ஓய்வுபெற்ற அன்று திறப்புக் கோவையைத் தந்தார். எந்தத் திறப்பு எந்த அலுமாரிக்கு என்பதையும் சொன்னார். பொருட்பதிவேட்டை இருவரும் சரிபார்த்தோம். கதிரைகள் கணக்கிற் சரியாயிருந்தன. நான் எல்லாம் ஏற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்தேன்.

அவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சைக்குரிய விண்ணப்பங்கள் என் மேசைக்கு வந்தன. வகுப்பாசிரியர் நிரப்பியிருந்தார், அத்தாட்சிப்படுத்த வேண்டியவன் நான். அடுக்காக வைத்துக் கையொப்பமிட்டேன். அனுமதி அட்டைகள் வந்தபொழுது ஒரு மாணவி என் அறை வாயிலிலே வந்து நின்றாள். "சேர், எனக்குச் சித்திரம் எண்டு போட்டிருக்கு. நான் சித்திரம் படிக்கேல்லை, சங்கீதம் எல்லோ படிச்சனான்" என்றாள். அழவில்லை, நான் ஒரு சொல்லிலே திருத்திவிடுவேன் என்று நம்பியே வந்திருந்தாள். திருத்துவதற்குரிய தவணை கடந்து போயிருந்தது. ஓடித் திரிந்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. ஆறாந் தரத்திலிருந்து சங்கீதம் கற்ற பிள்ளை அது. அதன் பாட்டைப் பரிசளிப்பு விழாவிலே கேட்டிருக்கின்றேன். அவ்வாண்டுப் பெறுபேற்றிலே அவளுக்குச் சங்கீதம் என்னும் பாடமே இல்லை. மறு ஆண்டு அந்த ஒரு பாடத்துக்காக மறுபடியும் தோற்றினாள்.

பின்னொரு நாள் பழைய அதிபரிடம் போய் இதனைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, தாம் ஒவ்வோராண்டும் விண்ணப்பம் அனுப்புமுன் ஒரு முழுநாளை ஒதுக்கி, பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, அவர்கள் முன்னிலையிலே பெயரையும் பாட இலக்கத்தையும் உரக்க வாசிப்பித்து, அதன்பின்னரே கையொப்பமிட்டதாகச் சொன்னார். "தம்பி, நீர் ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பனே" என்றார். கேட்கவேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன். இருவர் மேலும் குற்றமில்லை என்று ஊரார் சொன்னார்கள். என் மேல் குற்றம் உண்டு என்பதை நான் அறிவேன். ஆனால் அக்குற்றம் நிகழ்வதற்கு வேண்டிய ஏற்பாடுகளை எல்லாம் ஓர் அமைப்பு முன்கூட்டியே செய்து வைத்திருந்தது என்பதையும் அறிவேன். அவருடைய கடைசி ஆண்டிலே ஒரு நாள், அந்த ஒரு நாள், நான் அவருக்குப் பக்கத்திலே ஒரு கதிரையில் இருந்திருந்தால் போதும்.

இவ்விடயத்தை நாட்டின் பிரச்சினையாகவோ பாடசாலை ஒன்றின் பிரச்சினையாகவோ பாராது, இடைப்பட்ட ஓர் எல்லையின் பிரச்சினையாகப் பார்த்தவர் அமெரிக்கர். அங்கே 'பாடசாலை மாவட்டம்' என்பது தானே அதிபரை நியமிக்கும் அதிகாரமுடையது; நம் வலயம் அவ்வளவு அதிகாரம் உடையதன்று. ஆயினும் அவர்கள் செய்து பார்த்தது அறியத்தக்கது. 2011 ஆம் ஆண்டிலே வொலஸ் நிதியம் என்னும் அறநிலையம் நியூயோர்க், டென்வர், சார்லட்-மெக்லன்பேர்க், குவின்னெற், ஹில்ஸ்பரோ, பிரின்ஸ் ஜோர்ஜஸ் ஆகிய ஆறு பெரிய மாவட்டங்களுக்குப் பொருளுதவி வழங்கிற்று. செய்யவேண்டியவை நான்கு. நல்ல அதிபர் என்பவர் யார் என்பதை எழுத்தில் வரையறுத்தல். பதவிக்கு முன் பயிற்றல். பாடசாலைக்கு ஏற்ற ஆளைத் தேர்ந்து அமர்த்தல். அமர்த்தியபின் முதலாண்டுகளிலே கைவிடாது துணைநிற்றல். யார் யார் ஆயத்தமாகின்றார், எவருக்கு எதிலே அனுபவம் உண்டு என்பதைப் பதிந்து வைக்கும் பெயரேடு ஒன்றும் வைத்துக்கொண்டனர். நாம் வெற்றிடம் விழுந்தபின் ஆளைத் தேடுகின்றோம். அவர்கள் ஆளை வைத்துக்கொண்டு வெற்றிடத்தை எதிர்பார்த்திருந்தார்கள்.

ரான்ட் என்னும் ஆராய்ச்சி நிறுவனம் இதன் பயனை அளந்து 2019 இல் வெளியிட்டது. புதிய அதிபர் வந்து மூன்றாண்டோ அதற்கு மேலோ கழிந்த பாடசாலைகளை, இத்திட்டம் இல்லாத மாவட்டங்களின் ஒத்த பாடசாலைகளோடு ஒப்புநோக்கினர். வாசிப்பிலே 6.22 சதமணைப் புள்ளியும் கணிதத்திலே 2.87 சதமணைப் புள்ளியும் மேம்பாடு காணப்பட்டது. புதிதாக அமர்ந்த அதிபர் நூற்றுவரை எடுத்தால், மூன்றாண்டிலே விட்டுப் போவோர் தொகை ஏறக்குறைய எட்டால் குறைந்தது. ஆண்டொன்றுக்கு மாணவர் ஒருவருக்கு ஆன செலவு சுமார் 42 டொலர்; மாவட்டத்தின் மொத்தச் செலவில் இது நூற்றுக்கு அரைப்பங்கும் ஆகாது. பாடசாலை முன்னேற்றத்துக்கென்று கட்டப்படும் கட்டடங்களை எண்ணிப் பார்க்குந்தோறும் இந்த அரைப்பங்கு எனக்கு நினைவு வருகின்றது.

இத்திட்டத்துக்கு அவர்கள் தண்ணீர்க் குழாயின் பெயரை இட்டிருக்கின்றார்கள். ஒரு முனையில் விட்டால் மறுமுனையில் வருமாம். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. மிளகாய்க் கன்றுக்கு மேடை போட்டு, நிழல் கட்டி, நீர் தெளித்து, தண்டு முற்றியபின் தோட்டத்திலே பெயர்த்து நடுகின்ற நம் கமக்காரனுக்கு இதனைச் சொல்ல நாற்றுமேடை என்னும் சொல் உண்டு. நாற்றுமேடையிலே எல்லாக் கன்றும் தேறுவதில்லை என்பதையும் அவன் அறிவான்.

நம் வலயங்களிலே என்ன செய்யலாம்? பெருந்தொகைப் பணமும் புதுச் சட்டமும் வேண்டாத சில உள. அரசாங்க உத்தியோகத்தருக்கு ஓய்வு வயது அறுபது. எந்த அதிபர் எந்த நாளிலே போவார் என்பது அவருடைய பிறப்புத் திகதியிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. ஐந்தாண்டுக்குரிய வெற்றிடங்களை ஒரு வலயக் கல்விப் பணிப்பாளர் ஒரு பிற்பகலிலே எழுதிவிடலாம். சோதிடம் பாராமலே வருங்காலத்தை அறியக்கூடிய இடம் உலகிலே அரிது. அது நம் கையிலுள்ள கோவையிலே கிடக்கின்றது. அந்த இடாப்பை வைத்துக்கொண்டு, போகின்றவரின் கடைசி ஆண்டிலே வருங்கால அதிபர் ஒருவரை அவர் பக்கத்தில் இருத்தலாம். நேரசூசி ஆக்குவதையும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக் கணக்கை ஒழுங்குசெய்வதையும், சண்டையிட்டு வருகின்ற பெற்றோரை அமர்த்திப் பேசுவதையும், வகுப்பறையின் பின்வாங்கிலே இருந்து பிறர் படிப்பிப்பதைப் பார்த்து அவர் மனம் நோகாமற் குறை சொல்வதையும் பயிற்சி மண்டபத்திலே முழுமையாகக் கற்பிக்க முடியாது. கடைசியாகச் சொன்னதே எல்லாவற்றிலும் அரிது. தம்மோடு ஒரே மேசையில் இருந்து தேநீர் அருந்தியவரை மறுநாள் மேற்பார்வை செய்யவேண்டிய சங்கடத்தை எந்தப் பாடநூலும் தீர்க்காது. தீர்த்து வைத்த ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் ஓரளவு தெளியும்.

பிரதி அதிபர், உப அதிபர், பகுதித் தலைவர் என்னும் பதவிகள் நம்மிடம் முன்னரே இருக்கின்றன. அவை அதிபரின் வேலையைப் பங்கிட அமைந்தவை. பல இடங்களில் அவை ஒழுக்கக் கட்டுப்பாட்டுக்கும் இடைவேளை மணிக்கும் மட்டும் உரியவையாய்ச் சுருங்கிவிட்டன. பன்னிரண்டு ஆண்டு பிரதி அதிபராய் இருந்தும் காசோலைப் புத்தகத்தைக் கண்ணாற் காணாதவரை நான் அறிவேன்.

சிறு பாடசாலைகளைப் பற்றியும் ஒரு சொல். குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நெடுந்தீவுக்குப் போகின்ற ஆசிரியர்களைக் கேட்டால் அறியலாம்: ஆசிரியர் தொகை குறைந்த பாடசாலையிலே ஒருவரே நூலகரும் விளையாட்டுப் பொறுப்பாளரும் எழுதுவினைஞரும் ஆகின்றார். தலைமைப் பணி பழகுவதற்கு அதனினும் நல்ல இடம் இல்லை. ஆனால் நாம் அவ்விடங்களுக்குப் போவதைத் தண்டனை என்று ஆக்கி வைத்திருக்கின்றோம். இரண்டாண்டு முடிந்ததும் இடமாற்றங் கேட்டு ஓடி வருபவர், அங்கே தாம் கற்றதை ஒரு தகுதியாக எவரும் எழுதி வைப்பதில்லை என்பதைக் காண்கின்றார்.

நம் ஆசிரியருள் மிகப் பெரும்பாலார் பெண்கள். அதிபருள் அவ்வாறு இல்லை. திறமைக் குறைவு காரணம் என்று சொல்பவர் ஒரு நாள் பாடசாலை ஒன்றிலே வந்து இருந்து பார்க்கட்டும். தூர இடத்து நியமனமும், மாலை நேரக் கூட்டங்களும், வீட்டிலே காத்திருக்கும் அடுப்பும் சேர்ந்து பலரை விண்ணப்பமே போடாமல் தடுக்கின்றன. "உங்களால் முடியும்" என்று ஒருவர் உரிய காலத்திலே சொல்லாமையும் ஒரு காரணம். வலயம் ஒன்று ஆயத்தப் பணியைத் தன் எல்லைக்குள்ளேயே நடத்துமானால் முதல் தடை பெரிதுங் குறையும்.

இதற்கு எதிராக ஒரு பலமான கேள்வி உண்டு. வலயத்தார் ஆளைப் பொறுக்கி வளர்க்கத் தொடங்கினால், பழைய முகாமையாளரின் மருமகன் மீண்டும் வந்துவிடமாட்டாரா? வருவார், வர முயல்வார். அதனாலேயே பரீட்சை இருக்கவேண்டும் என்கின்றேன். ஆயத்தம் என்பது பதவிக்கு உறுதிச்சீட்டு ஆகக்கூடாது. விரும்பிய ஆசிரியர் எவரும் வந்து பழகலாம் என்று வாயில் திறந்திருக்கவேண்டும். பழகியவருள் யார் அமர்வது என்பதைப் பழக்கியவர் தீர்மானிக்கக்கூடாது. சிங்கப்பூரிலே 2001 தொடக்கம் வருங்கால அதிபர்களை முழுநேரப் பயிற்சிக்கு அனுப்புகின்றார்கள். அங்கும் பயிற்சி பெற்றதனால் மட்டும் பாடசாலை கிடைத்துவிடுவதில்லை. இந்தப் பிரிவினை காக்கப்பட்டால் மருமகன்மாருக்கு வேலை குறையும். முற்றாக ஒழியும் என்று சொல்ல நான் துணியவில்லை.

சென்ற தவணையிலே எங்கள் பாடசாலையின் நேரசூசியை ஆக்கும் பொறுப்பை, அதிபரின் சம்மதத்தோடு, ஆறு ஆண்டு சேவையுடைய ஓர் ஆசிரியையிடம் ஒப்படைத்தேன். பதினைந்து ஆண்டாக அது என் கையில் இருந்தது. மூன்று மாலை என் மேசையின் மறுபுறத்தில் இருந்து கட்டம் கட்டமாக நிரப்பினார். விஞ்ஞான ஆசிரியர் ஒருவருக்கு ஒரே நேரத்திலே இரண்டு வகுப்பு விழுந்திருந்தது. உடற்கல்வியை நண்பகல் வெய்யிலிலே போட்டிருந்தார். முதற் பிழையை நான் கண்டேன், சொல்லாதிருப்பது எளிதாயில்லை. மூன்றாம் நாள் அவரே கண்டு திருத்தினார். உடற்கல்வியை இன்னும் மாற்றவில்லை.